சவரக் கத்தி வாங்கப் போகும் நண்பருக்கு

நமது விடுதியில் சில மாதங்களாக ஒரு புதுப் பித்து பரவி வருகிறது. இரண்டு பிளேடு, மூன்று பிளேடு, ஐந்து பிளேடு என்று ஏறிக்கொண்டே போன நண்பர்கள், திடீரென்று அத்தனையையும் மூலையில் எறிந்துவிட்டுப் பாட்டன் காலத்து மடக்குக் கத்தியைத் தேடி அலைகிறார்கள். அவர்களில் ஒருவர் பதினெட்டாயிரம் ரூபாய் கொடுத்து ஜெர்மனியிலிருந்து ஒன்றை வரவழைத்தார். கத்தி வந்தது, அதற்கொரு வெல்வெட் பெட்டி வந்தது, மறுநாள் காலையில் அவருடைய கன்னத்தில் மூன்று சிவப்புக் கோடுகளும் வந்தன. கத்தி பெட்டிக்குள் உறங்கப் போயிற்று. நண்பர் ஐந்து பிளேடுக்கே திரும்பினார்.

இந்தப் பித்தைப் பரிகசிக்க நான் பேனாவை எடுக்கவில்லை. நல்ல பித்துதான். 1903ஆம் ஆண்டில் ஜில்லெட் என்பவர் தூக்கி எறியும் பிளேடோடு தம் ரேஸரை விற்க வந்தபோது, அந்த வருஷம் முழுவதும் விற்றவை 51 ரேஸரும் 168 பிளேடுமே. அது வரைக்கும் முகம் மழிக்க விரும்பியவர்களில் பெரும்பாலோர், ஒன்று தாமே இந்தக் கத்தியைப் பிடித்தார்கள். அல்லது பிடிக்கத் தெரிந்தவரிடம் முகத்தைக் கொடுத்தார்கள். நல்ல கத்தி ஒன்று மூன்று தலைமுறைக்கு வரும். குப்பையில் போட ஒன்றும் மிஞ்சாது. ஆகவே வாங்குங்கள் என்றே சொல்வேன். ஆனால் நண்பர்கள் வாங்குகிற முறைதான் எனக்குச் சம்மதமில்லை. காசு முழுவதையும் இரும்பில் போடுகிறார்கள். கையில் ஒரு காசும் போடுவதில்லை.

இரும்பைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். முதற் கத்திக்கு அகலம் 5/8 அங்குலமோ 6/8 அங்குலமோ போதும். நுனி உருண்டிருக்கட்டும். கூர்மூக்குக் கத்தி பார்ப்பதற்கு வீரமாக இருக்கும். அந்த வீரம் காதோரத்தில் தெரியும். துருப்பிடிக்காத எஃகை விடத் துருப்பிடிக்கும் எஃகே கல்லில் எளிதாகத் தீட்டக் கூடியது. அதனால் பழைய கத்தியைக் கண்டு அஞ்ச வேண்டாம். நான் என் கத்தியை இந்தப் பம்பாயின் சோர் பஜாரில், துருவேறிய சாவிகளுக்கும் உடைந்த கடிகாரங்களுக்கும் நடுவில் பொறுக்கினேன். ஷெஃபீல்டில் செய்தது, கொம்புப் பிடி, விலை, நமது நண்பரின் வெல்வெட் பெட்டிக்குக்கூடக் காணாது. சோலிங்கன் என்ற பெயரை வேறு ஊர்ச் சரக்கில் பொறிக்கக் கூடாதென்று ஜெர்மனியில் 1938இலேயே சட்டம் செய்தார்கள். ஆயினும் அந்தச் சட்டத்தின் கை சோர் பஜார் வரைக்கும் நீளாது. ஆதலால் பெயரை நம்பாதீர்கள். கத்தியின் வாயைப் பாருங்கள். வாய் நேராக இருக்கலாம், சற்றே வெளிப்புறம் வளைந்தும் இருக்கலாம். உட்பக்கம் குழிந்திருந்தால் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். ஒரு கண்ணாடித் துண்டின் மீது படுக்க வைத்தால் முதுகும் வாயும் ஒருசேரப் படிய வேண்டும். உடம்பில் துரு இருந்தால் பாதகமில்லை, வாயில் இருந்தால் வேண்டாம். பிடியின் ஆணி ஆடக் கூடாது. பளபளவென்று முலாம் பூசி, வாளைப் போலச் சித்திரம் செதுக்கி விற்கிறார்களே, அவற்றுள் பல கத்தி வடிவில் செய்த பொம்மைகள். தீட்டத் தீட்டக் கல்தான் தேயும்.

எஃகு என்றதும் இடையில் ஒரு வார்த்தை. 1794இல் பம்பாயிலிருந்த டாக்டர் ஹெலினஸ் ஸ்காட் என்பவர் 'வூட்ஸ்' என்னும் தென்னாட்டு எஃகின் மாதிரிகளை லண்டனுக்கு அனுப்பினார். கன்னடத்து 'உக்கு', நம் 'உருக்கு' என்னும் சொற்களோடு உறவுடையது அந்தப் பெயர். தமிழகத்திலும் அந்த எஃகு உருக்கப்பட்டது. ஜேம்ஸ் ஸ்டோடார்ட் என்ற லண்டன் கத்தி வணிகர் அதில் சவரக் கத்தி செய்து, ஐரோப்பிய எஃகினும் இதுவே மேலென்று விளம்பரம் செய்தார். அவரோடு சேர்ந்து அதை ஆராய்ந்தவர் வேறு யாருமல்லர், மைக்கேல் ஃபாரடே! அந்த ஆராய்ச்சியில் பிறந்த எஃகுக் கலவையில் சவரக் கத்திகள் செய்து நண்பர்களுக்குப் பரிசளித்தாராம். மின்சாரத்துக்கு முன்னால் நமது உருக்கு அந்த மேதையின் உலையில் கொதித்ததென்று நினைக்கையில் எனக்குக் கொஞ்சம் கர்வமாகத்தான் இருக்கிறது.

சரி, பராமரிப்புக்கு வருவோம். கத்தியைக் கெடுப்பவை இரண்டு: ஈரமும் அவசரமும். பம்பாயின் மழைக்காலத்தில் ஓரிரவு ஈரத்தோடு மூடி வைத்தால், காலையில் வாயில் செம்புள்ளி பூத்திருக்கும். மழித்தவுடன் துடைத்து, திறந்தபடி உலரவிட்டு, தையல் இயந்திரத்துக்கு விடும் எண்ணெயில் ஒரு துளி தடவுங்கள். கல்லில் தீட்டுவது எப்போதாவதுதான். தோல் வாரில் இழுப்பது தினமும். கல்லில் வாய் முன்னே செல்லும். வாரில் முதுகு முன்னே செல்ல வேண்டும். இதை மாற்றிச் செய்தால் வாரும் அறுந்துபோம், கத்தியும் மழுங்கிப்போம். ஒவ்வோர் இழுப்பின் முடிவிலும் கத்தியை முதுகின் மேல் புரட்ட வேண்டும், வாயின் மேல் அன்று. வாரை விறைப்பாகப் பிடியுங்கள். கையின் கனத்தை அதன் மேல் ஏற்றாதீர்கள். நாற்பது ஐம்பது இழுப்பு போதும். முதல் வாரம் கன்னத்தோடு நிறுத்திக்கொண்டு, மோவாயையும் கழுத்தையும் பழைய ரேஸருக்கே விட்டுவிடுங்கள். தோலை இழுத்துப் பிடித்து, முடி சாய்ந்த திசையிலேயே, முகத்தோடு முப்பது பாகை அளவுக்குக் கத்தியைச் சாய்த்து இறக்குங்கள். ஒருவர் கத்தியை மற்றவருக்குக் கொடுக்கவே கூடாது. உயிர் நண்பனாயினும் சரி. இரத்தத்தால் பரவும் மஞ்சட் காமாலையும் எய்ட்ஸ் கிருமியும் நட்பைப் பார்ப்பதில்லை.

இவ்வளவையும் நீ எங்கே கற்றாய் என்று கேட்பீர்கள். இங்கேதான் நான் ஓர் உண்மையைச் சொல்லக் கடமைப்பட்டிருக்கிறேன்.

மூன்று கோடு வாங்கிய அந்த நண்பர் அன்றைக்கே என் அறைக்கு வந்து, "வாரில் எப்படி இழுப்பது என்று உனக்குத் தெரியுமா?" என்று கேட்டார். "எனக்கென்ன தெரியும்?" என்றேன். பொய். என் தாத்தா தாமிரபரணிக் கரையில் ஒரு கிராமத்து நாவிதர். அவருடைய அடைப்பத்தில் கத்தியும், கல்லும், வாரும், படிகாரமும், தண்ணீர்க் கிண்ணமும் எந்த எந்த இடத்தில் இருக்கும் என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்வேன். திண்ணையில் அவர் வார் இழுக்கும் ஓசைதான் என் குழந்தைப் பருவத்தின் விடியற்காலம். நரைத்த தலையோடு அவர் கொல்லைப்புற வாசலில் நிற்க, அவர் கையால் முதல் முடி இறக்கிக்கொண்ட பிள்ளைகள் வளர்ந்து வந்து "ஏலே" என்று கூப்பிட்டதையும் நான் கேட்டிருக்கிறேன். வருஷமெல்லாம் செய்த வேலைக்கு அறுப்புக் காலத்தில் களத்து நெல். அளந்து போடுகிறவர் மனம் எவ்வளவோ அவ்வளவு. அந்த "ஏலே"தான் அன்று என் வாயை அடைத்தது. பதினெட்டாயிரம் ரூபாய்க் கத்தியின் முன்னால் தாத்தாவின் அடைப்பத்தை விரிக்க எனக்கு நா எழவில்லை.

பிறகு மனம் கேட்கவில்லை. அடுத்த வாரமே நண்பரைத் தாராவிக்கு அழைத்துப் போனேன். அங்கே ஒரு சந்தில் கடை வைத்திருக்கும் திருநெல்வேலி அண்ணாச்சி ஒருவரை எனக்குத் தெரியும். எய்ட்ஸ் பயம் வந்த நாளிலிருந்து அவரும் எல்லாரையும் போலப் பாதி பிளேடைச் செருகும் கத்திக்கு மாறிவிட்டார், அதுவே சரியும்கூட. ஆனால் பழைய கத்தியும் கல்லும் தகரப் பெட்டியில் எண்ணெய் பூசி இருக்கின்றன. அண்ணாச்சி ஜெர்மன் கத்தியை வாங்கி, வெளிச்சத்தில் ஒரு திருப்புத் திருப்பினார்.

"கத்தி நல்ல கத்திதான் தம்பி. வார்ல புரட்டத் தெரியாம வாயை மடக்கிப்புட்டிய."

அரை மணி நேரம் கல்லில் நீர் விட்டு, பேச்சில்லாமல் தீட்டினார். பிறகு நண்பரின் கையைத் தம் கையால் பிடித்து, குழந்தைக்கு அரிச்சுவடி எழுதுவிப்பது போல வாரில் இழுக்கப் பழக்கினார். எத்தனையோ வீடியோ பார்த்தும் வராதது பத்து நிமிஷத்தில் வந்தது. எவ்வளவு என்று கேட்டதற்கு ஒரு சவரத்தின் கூலியைச் சொன்னார். அது போதாதென்று நான் தகராறு செய்ய வேண்டியதாயிற்று.

திரும்பும் வழியில் ரயிலில் நண்பரிடம் தாத்தாவைப் பற்றிச் சொன்னேன். மாஹிம் வரைக்கும் அவர் பேசவில்லை. பிறகு, "அன்றைக்கே சொல்லியிருக்கலாமே?" என்றார். கேட்பது எளிது. அவருடைய தாத்தா தம் ஊரில் தம் நாவிதரை என்னவென்று கூப்பிட்டார் என்று நான் கேட்கவில்லை, அவராகவே சொன்னார்.

நண்பர்களே, நீங்கள் கத்தி வாங்குவதானால் பதினெட்டாயிரத்தில் இரண்டாயிரத்தைக் கத்திக்கு வையுங்கள். கல்லுக்கும் வாருக்கும் இன்னும் கொஞ்சம். மிச்சத்தில் ஒரு பங்கை, கத்தி பிடிக்கக் கற்றுத் தரும் மனிதருக்கு, கணக்குப் பாடம் சொல்லித் தருகிறவருக்கு மணிக்கு எவ்வளவு கொடுப்பீர்களோ அந்தக் கணக்கில் கொடுங்கள். 'அண்ணாச்சி' என்றோ, 'ஐயா' என்றோ கூப்பிட்டுக் கொடுங்கள். ஞாயிற்றுக்கிழமை போகாதீர்கள், கூட்டம் தாங்காது. செவ்வாய்க்கிழமை முடி வெட்டக் கூடாதென்று பலர் வருவதில்லை. அன்று பிற்பகலில் கடை ஓய்ந்திருக்கும், அவருக்கும் பேச நேரம் இருக்கும். வழி தெரியாதவர்கள் என் அறைக் கதவைத் தட்டலாம்.