ஏற்றிய பாட்டைத் திரும்ப எடுக்க முடியுமா?

வேண்டிய பாட்டுகளைத் தாளில் எழுதிக் கொடுத்தால், 60 நிமிட கேசட்டில் பதிவு செய்து தரும் கடைகள் ஒரு காலத்தில் ஊருக்கு ஊர் இருந்தன. அந்த கேசட் எந்த வீட்டு டேப்ரெக்கார்டரிலும் பாடியது. கணினியும் எம்பி3 பிளேயரும் வந்தபோது இது இன்னும் எளிதாகியிருக்க வேண்டும். ஆனால், கம்பியைச் செருகியதும் ஒரு மென்பொருள் குறுக்கே வந்து உட்கார்ந்தது. எந்தக் கணினி, எந்த வடிவம், எத்தனை முறை என்று கேள்வி கேட்டது. பாட்டு கேட்பவர்கள் அன்று பட்ட எரிச்சலைத் தொழில்நுட்பக் கோளாறு என்று ஒதுக்கிவிட முடியாது. காசு கொடுத்து வாங்கியவரையே சந்தேகிக்கும் கொள்கை அந்த மென்பொருளுக்குள் இருந்தது.

நீதிமன்றம் சொன்னது

1998இல் அமெரிக்காவின் டைமண்ட் மல்டிமீடியா நிறுவனம் ‘ரியோ பிஎம்பி300’ என்ற சிறு பிளேயரை விற்பனைக்குக் கொண்டுவந்தது. நினைவகம் 32 மெகாபைட். அரைமணி நேரப் பாட்டுதான் கொள்ளும். அதற்கே அந்நாட்டு இசைப்பதிவு நிறுவனங்களின் சங்கம் வழக்குத் தொடுத்தது. 1999இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் நிறுவனத்தின் பக்கம் நின்றது. தன் கணினியில் இருக்கும் பாட்டைக் கையோடு எடுத்துச்செல்வதற்காகப் பிரதி எடுப்பது தனிப்பட்ட பயன்பாடுதான் என்றது.

சட்டத்தில் கிடைக்காத பிடியை இசைத் துறை மென்பொருளில் தேடிக்கொண்டது. 1979இல் வாக்மேனைத் தந்து, நடந்துகொண்டே பாட்டு கேட்க உலகத்துக்குக் கற்றுக்கொடுத்த சோனி, 1999இல் நினைவக வாக்மேனை வெளியிட்டது. அதில் எம்பி3 நேராகப் பாடாது. சோனியின் மென்பொருள் வழியாக ‘அட்ராக்’ வடிவத்துக்கு மாற்றி, பூட்டுப் போட்டுத்தான் ஏற்ற வேண்டும். சொந்த சிடியிலிருந்து எடுத்த பாட்டையும் மூன்று பிரதிக்கு மேல் வெளியே அனுப்ப முடியாது. மறுபடி வேண்டுமென்றால் முன்பு ஏற்றியதைத் திருப்பி ஒப்படைக்க வேண்டும். பிளேயர் விற்ற கையிலேயே இசைப்பதிவு நிறுவனத்தையும் வைத்திருந்தது சோனி. அந்த முரண்பாட்டின் சுமை வாங்கியவர் தலையில் விழுந்தது.

மூன்று சதவீதத்துக்காக ஒரு பூட்டு

2001 அக்டோபரில் ஆப்பிளின் ஐபாட் அறிமுகமானது. 5 ஜிகாபைட்டில் 1,000 பாட்டு என்பது அன்றைக்குப் பெரிய விஷயம். அதில் பாட்டு ஏற்றும் ஐடியூன்ஸ் மென்பொருளும் தொடக்கத்தில் எளிமையாகவே இருந்தது. ஆனால், பாட்டு ஒரே திசையில்தான் போகும். நண்பர் வீட்டுக் கணினியில் இணைத்தால், பிளேயரில் உள்ளதை அழித்துவிட்டுப் புதிதாக நிரப்பட்டுமா என்று கேட்கும். உள்ளே ஏறிய கோப்புகளோ மறைவான அடைவுகளில், நான்கெழுத்துப் புதுப்பெயர்களோடு கிடக்கும். கணினியின் வன்தட்டு கெட்டுப்போனால், பாட்டெல்லாம் கையிலிருக்கும் பெட்டியில் பத்திரமாக இருந்தும் அவற்றை மீட்க வேறு மென்பொருளைத் தேடி அலைய வேண்டியிருந்தது.

2003இல் ஆப்பிள் திறந்த இணையக் கடையில் ஒரு பாட்டு 99 சென்ட். வாங்கிய பாட்டு வேறு நிறுவனத்தின் பிளேயரில் பாடாது. இந்தப் பூட்டு இசை நிறுவனங்களின் நிபந்தனை என்று 2007 பிப்ரவரியில் ஆப்பிளின் தலைமைச் செயல் அதிகாரி ஸ்டீவ் ஜாப்ஸ் வெளிப்படையாக எழுதினார். ஐபாடில் இருக்கும் பாட்டுகளில் தங்கள் கடையில் பூட்டோடு வாங்கியவை சராசரியாக 3 சதவீதத்துக்கும் குறைவு என்ற கணக்கையும் அதில் தந்தார். மீதிப் பாட்டுகளுக்குப் பூட்டே இல்லை. விற்ற சிடிகளில் பெரும்பாலானவை பூட்டில்லாமல் கடைகளில் கிடக்க, இணையத்தில் முறையாக வாங்கியவர் மட்டும் கட்டுப்பாட்டுக்குள் சிக்கினார்.

மைக்ரோசாஃப்ட் நடந்துகொண்ட விதம் இன்னும் வேதனையானது. ‘நிச்சயம் பாடும்’ என்ற பொருளில் பெயர் சூட்டி 2004இல் அது முன்வைத்த முறையில் பூட்டிய பாட்டுகள், 2006இல் அதே நிறுவனம் விற்ற ‘ஜூன்’ பிளேயரில் பாடவில்லை. 2008 ஏப்ரலில், தன் பழைய இசைக் கடையின் உரிமச் சேவையகத்தை நிறுத்தப்போவதாக அறிவித்தது. புதுக் கணினி வாங்கினால், காசு கொடுத்த பாட்டு அதில் திறக்காது என்பதுதான் இதற்கு அர்த்தம். எதிர்ப்பு கிளம்பியதும் 2011 வரை தவணை தந்தது.

திருட்டுப் பிரதிகளால் இசைத் துறை நட்டப்பட்டது உண்மை. பாடியவருக்கும் இசையமைத்தவருக்கும் கூலி போய்ச் சேர வேண்டும் என்பதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. ஆனால், திருட்டுக் கோப்பில் பூட்டு கிடையாது. பூட்டு தடுத்தது வாங்கியவரைத்தான். 2009இல் ஆப்பிள் கடை பூட்டைக் கழற்றிய பிறகும், அமெரிக்காவில் பாட்டுப் பதிவிறக்க விற்பனை 2012 வரை ஏறிக்கொண்டுதான் இருந்தது.

தமிழ்ப் பாட்டின் தனிப்பாடு

தமிழ்ப் பாட்டு கேட்பவருக்குக் கூடுதலாக ஒரு தொல்லை. இம்மென்பொருள்கள் பாடகர் பெயரை முதன்மையாக வைத்து அடுக்கின. நாமோ படத்தின் பெயரையும் இசையமைப்பாளரையும் வைத்துத் தேடுகிறோம். ஒரு படத்தின் ஆறு பாட்டை ஆறு பேர் பாடியிருந்தால், பாடகர் பட்டியலில் அந்தப் படம் ஆறு இடத்தில் சிதறிக் கிடக்கும். பாட்டின் விவரங்களைக் கோப்புக்குள்ளேயே பதியும் ‘ஐடி3’ முறையின் முதல் வடிவம் தலைப்புக்கு 30 பைட்தான் ஒதுக்கியது. யுடிஎஃப்-8இல் ‘க’வுக்கு 3 பைட், ‘கி’க்கு 6 பைட் ஆகும். ஏழெட்டு எழுத்துக்குள் தலைப்பு அறுந்துவிடும். பின்னர் வந்த வடிவங்கள் யூனிகோடை ஏற்றன. தமிழ் எழுத்துரு இல்லாத பிளேயர்களோ வெறும் கட்டங்களைக் காட்டின.

அதனால்தான் மெமரி கார்டில் பாட்டு ஏற்றித் தரும் செல்போன் கடைகளில் அப்படியொரு கூட்டம் நின்றது. படத்துக்கு ஓர் அடைவு. இழுத்துப் போட்டால் பாடும். 2017இல் சரிகம நிறுவனம் 5,000 பாட்டுகளோடு விற்ற ‘காரவான்’ பெட்டிக்கு முதியவர்களிடம் கிடைத்த வரவேற்புக்கும் காரணம் இதுவே. கணினி வேண்டாம், கணக்குத் திறக்க வேண்டாம். பென்டிரைவைச் செருகினாலும் பாடும்.

இனி என்ன வேண்டும்?

ஐபாட் தயாரிப்பு 2022இல் நின்றது. பிரச்சினை நிற்கவில்லை. இன்று சந்தா கட்டிச் செல்பேசியில் ‘இறக்கி’ வைக்கும் பாட்டுகள், சந்தா நின்றதும் வாய்மூடிக்கொள்கின்றன. திரும்பப் பறிக்கக்கூடிய உரிமத்தை, அதை விளக்காமல் ‘வாங்கு’ என்று சொல்லி விற்கக் கூடாது என்று கலிஃபோர்னியா 2024இல் சட்டம் இயற்றியது. இந்தியாவிலும் அப்படியொரு விதி வேண்டும். நம் பதிப்புரிமைச் சட்டம் 2012 திருத்தத்தில், தனிப்பட்ட பயன்பாட்டுக்கான நியாயமான கையாளலை ஒலிப்பதிவுகளுக்கும் விரித்தது. அதே திருத்தம், டிஜிட்டல் பூட்டை உடைப்பதைத் தண்டனைக்குரிய குற்றமாக்கியது. சட்டம் தடுக்காத நோக்கத்துக்காக என்றால் விலக்கும் அளித்தது. ஆனால், சாதாரண மனிதர் பூட்டைத் தானே திறக்கத் தெரிந்தவர் அல்லர். விற்பவரே திறந்த கோப்பாகத் தர வேண்டும் என்று விதி வந்தால்தான் ஏட்டில் இருக்கும் உரிமை அவர் கைக்கு வரும்.

அதுவரை நம்மால் ஆனது ஒன்று உண்டு. பிளேயரோ செயலியோ சந்தாவோ எதற்குக் காசு கொடுப்பதானாலும் விலையையும் கொள்ளளவையும் விசாரிப்பதோடு இதையும் கேட்போம்: ஏற்றிய பாட்டைத் திரும்ப எடுக்க முடியுமா? முடியாது என்றால், விற்பவர் அதை வாடகை என்று சொல்லி, வாடகைக்குரிய விலையைக் கேட்பதே முறை.