கொக்கி வைத்த பயனெட்! அசலா? போலியா?

பழைய கத்தி ஒன்று மேஜை மீது கிடக்கிறது. பக்கத்தில் அதன் தோல் உறை.

"என் தாத்தா முதல் உலகப் போரில் ஏந்திய பயனெட் இது!" என்கிறார் விற்பவர்.

வாங்க வந்தவரின் கண்கள் விரிகின்றன. பணம் கைமாறுகிறது. வீட்டுக்குப் போய் விவரம் தெரிந்தவரிடம் காட்டுகிறார். அவர் உதட்டைப் பிதுக்குகிறார். தாத்தா கதையும் பொய்! கத்தியில் இருக்கும் கொக்கியும் பொய்!

இங்கிலாந்தில் பழைய போர்ச் சாமான்களைச் சேர்ப்பவர்கள் அஞ்சுவது இந்த ஏமாற்றுக்குத்தான்.

பயனெட் என்றால் என்ன?

துப்பாக்கியின் முனையில் மாட்டும் கத்திதான் பயனெட். "துப்பாக்கிச் சனியன்" என்றும் தமிழில் சொல்வது உண்டு. குண்டு தீர்ந்தாலும், எதிரி மிக அருகில் வந்துவிட்டாலும் சிப்பாய்க்கு இதுவே துணை.

முதல் உலகப் போரில் பிரிட்டிஷ் சிப்பாய்கள் லீ-என்பீல்டு துப்பாக்கி வைத்திருந்தார்கள். அதில் மாட்டியது "1907 மாதிரி" பயனெட். கத்தியின் நீளம் 17 அங்குலம். ஜப்பான் ராணுவத்தின் பயனெட்டைப் பார்த்து இதை அமைத்தார்கள்.

முதலில் செய்த கத்திகளில், பிடிக்கும் அலகுக்கும் நடுவே ஒரு வளைந்த கொக்கி இருந்தது. எதிரியின் கத்தியைச் சிக்க வைத்துத் திருப்ப அது உதவும் என்று நினைத்தார்கள். 1913-ம் ஆண்டு "கொக்கி வேண்டாம்" என்று ராணுவம் முடிவு செய்தது. இருந்த கத்திகள் பலவற்றிலும் கொக்கியை வெட்டி விட்டார்கள். அதன் பிறகு, போர்க் காலத்தில், கொக்கி இல்லாத கத்திகள் லட்சக்கணக்கில் தயாராயின.

ஆகவே கொக்கி உள்ள பயனெட் அபூர்வம். அபூர்வப் பொருளுக்கு விலை பல மடங்கு. விலை ஏறும் இடத்தில் போலி நுழையாமல் இருக்குமா?

இப்போது ஏன் இந்தப் பிரச்சினை?

காரணம் மூன்று.

முதல் காரணம், சாட்சி சொல்ல ஆள் இல்லை. அந்தப் போரின் பதுங்கு குழிகளில் போரிட்ட கடைசி பிரிட்டிஷ் சிப்பாய் ஹாரி பாட்ச் 2009-ம் ஆண்டு காலமானார். அப்போது அவருக்கு வயது 111. இனி, "இது என் கத்தி" என்று சொல்ல எவரும் இல்லை.

இரண்டாவது, இணையதள விற்பனை. கையில் எடுத்துப் பார்க்காமல், படத்தைப் பார்த்தே பணம் கட்டுகிறார்கள். ஒட்டுப்போட்ட இடம் படத்தில் தெரியாது.

மூன்றாவது, சட்டம். கத்திக் குத்துச் சம்பவங்களால் பிரிட்டனில் கத்தி விற்பனை விதிகள் இறுகி வருகின்றன. 2025 ஆகஸ்டு 1-ந் தேதி இங்கிலாந்திலும் வேல்சிலும் "நிஞ்சா வாள்" தடை செய்யப்பட்டது. பயனெட் அந்த வகையைச் சேர்ந்தது அல்ல. ஆனால் தடைப் பட்டியலில் உள்ள ஆயுதங்களுக்கும், 100 ஆண்டு கடந்த பழம்பொருள் என்றால் விலக்கு உண்டு. ஆகவே ஓர் ஆயுதத்தின் வயது இன்று பண விஷயம் மட்டும் அல்ல. சட்ட விஷயமும் ஆகிவிட்டது.

போலியைக் கண்டுபிடிப்பது எப்படி?

இரும்பையே சாட்சிக் கூண்டில் ஏற்ற வேண்டும். அது சொல்வது ஒன்றுக்கொன்று பொருந்துகிறதா என்று பார்க்க வேண்டும்.

தேதி: கத்தியின் ஒரு பக்கத்தில் கிரீடம், அதன் கீழே "1907" என்ற எண் இருக்கும். "1907-ல் செய்த கத்தி" என்று சிலர் இதைக் காட்டி ஏமாற்றுவார்கள். அது மாதிரியின் பெயர். செய்த ஆண்டு அல்ல! அதன் கீழே சிறிய எண்கள் இருக்கும். "4 17" என்றால் 1917 ஏப்ரல். அதுதான் பிறந்த தேதி.

கொக்கி: இங்கிலாந்தில் செய்த கத்தியில் 1917 என்று இருக்கிறது, கொக்கியும் இருக்கிறது. உடனே உஷாராக வேண்டும்! கொக்கியை நிறுத்திய பிறகு பிறந்த கத்திக்குக் கொக்கி எப்படி முளைத்தது? பற்றவைத்ததுதான். கொக்கி சேரும் இடத்தை உருப்பெருக்கிக் கண்ணாடியால் பார்த்தால் அரம் ராவிய கோடும், நிற வேறுபாடும் தெரியும்.

துளை: 1916 முதல் பிடியின் முனையில் ஒரு சிறு துளை போட்டார்கள். உள்ளே அடையும் அழுக்கு வெளியேற இந்த ஏற்பாடு. பழுது பார்க்க வந்த பழைய கத்திகளுக்கும் துளை போட்டது உண்டு. ஆகவே 1911-ம் ஆண்டுக் கத்தியில் துளை இருந்தால் அது போலி என்று தள்ளிவிடக் கூடாது.

முத்திரை: அசல் முத்திரை சுத்தியலால் அடித்துப் பதித்தது. கூர்மையாக உள்ளே இறங்கி இருக்கும். அமிலத்தால் அரித்த போலி முத்திரை ஓரம் மழுங்கி இருக்கும்.

துரு: பழைய துரு கரும்பழுப்பாக, இடத்துக்கு இடம் வேறுபட்டு இருக்கும். எங்கும் ஒரே மாதிரி செம்மஞ்சள் துரு என்றால், நேற்று அமிலம் ஊற்றி வரவழைத்ததாக இருக்கலாம்.

உறை: தோல் உறையின் வாயிலும் நுனியிலும் இரும்புப் பூண் இருக்கும். நூறு வருடத் தோல் வறண்டு, பின்பக்கத் தையல் நைந்திருக்கும். புதுத் தோலுக்குச் சாயம் பூசினால், தையல் துளைக்குள் பழைய அழுக்கு இராது. ஆனால் கத்தியின் தேதியும் உறையின் தேதியும் வேறு வேறாக இருப்பது குற்றம் அல்ல. பட்டாளத்தில் கிடைத்த உறையில் கத்தியைச் செருகிக் கொண்டார்கள்.

நம் நாட்டுப் பயனெட்

கல்கத்தா அருகே உள்ள இஷாப்பூர் துப்பாக்கித் தொழிற்சாலையிலும் பயனெட் செய்தார்கள். இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் இதன் நீளம் 12 அங்குலமாகக் குறைக்கப்பட்டது. ஆகவே குட்டையாக இருப்பதாலேயே அது போலி ஆகிவிடாது.

நம் வீட்டுப் பரணில் இப்படி ஒன்று கிடைத்தால் என்ன செய்வது? இந்தியாவின் ஆயுத விதிகளில் பயனெட்டின் பெயரும் இருக்கிறது. ஆகவே வைத்துக் கொள்ளவோ விற்கவோ உரிமம் தேவையா என்று போலீஸ் நிலையத்தில் கேட்டுக்கொள்வது நல்லது.

உப்புத்தாள் போட்டுத் தேய்க்கக் கூடாது. பளபளப்பு வரும், முத்திரை போய்விடும்! மெல்லிய எண்ணெய் தடவினால் போதும். தாத்தாவின் பட்டாள எண், படைப்பிரிவு, பழைய படம், கடிதம் இருந்தால் கத்தியுடன் சேர்த்துப் பத்திரப்படுத்த வேண்டும்.

நஷ்டம் யாருக்கு?

போலி வாங்கியவருக்குப் பணம் போகிறது. சம்பாதித்தால் அது திரும்பி வரும். ஆனால் உண்மையிலேயே போருக்குப் போன ஒரு சிப்பாயின் பேரன், தாத்தாவின் கத்தியை எடுத்துக் காட்டும்போது, "இதுவும் போலிதானோ?" என்று ஊர் சிரிக்கிறதே! அந்த நஷ்டத்தை யார் ஈடு செய்வது?

விற்பவர் கதை சொல்லட்டும், கேட்டுக் கொள்ளலாம். ஆனால் பணத்தை எடுப்பதற்கு முன்னால், கத்தி சொல்லும் தேதியையும் ஒரு முறை படித்துவிட வேண்டும்.