எலி பேஸ்ட் நஞ்சும் பிளாஸ்மா மாற்றுச் சிகிச்சையும்: நோயாளிகளும் பராமரிப்பாளர்களும் அறிய வேண்டியவை

மஞ்சள் பாஸ்பரஸ் கலந்த எலி பேஸ்ட்டின் விற்பனைக்குத் தமிழ்நாடு அரசு தடை விதித்துள்ளது. எனினும் தானியக் கிடங்குகளும் கடைகளும் நெருங்கிய வேலூர் லாங் பஜார் போன்ற பகுதிகளில், முன்பே வாங்கி வைத்த குழாய்கள் கடையிலோ வீட்டிலோ எஞ்சியிருக்கலாம். அந்நஞ்சு உடலில் என்ன செய்கிறது, வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரி மருத்துவமனை ஆய்ந்து வரும் சிகிச்சை யாது என்பதை இப்பக்கம் விளக்குகிறது.

இரத்தத்தில் நிகழும் மாற்றம் என்ன?

இரத்தக் குழாய்களின் உட்சுவர் ‘வான் வில்லிபிராண்ட் காரணி’ என்னும் புரதத்தைச் சுரக்கிறது. இயல்பு நிலையில் இது நூற்கண்டு போலச் சுருண்டிருக்கும். குழாயில் காயம் ஏற்பட்டால் நீண்டு விரிந்து, தட்டணுக்களைப் பற்றி இரத்தக் கசிவை நிறுத்தும். மிக நீண்ட இழைகளை ‘ஆடம்டிஎஸ்-13’ என்னும் நொதி வெட்டிச் சிறிதாக்கும்.

கல்லீரல் கடுமையாகப் பாதிக்கப்படும்போது இப்புரதம் மிகுகிறது, நொதியோ குறைகிறது. வெட்டப்படாத நீள் இழைகளில் தட்டணுக்கள் ஒட்டிக்கொண்டு, நுண்குழாய்களை அடைக்கக்கூடும். அதனால் அழற்சி பெருகிப் பிற உறுப்புகளும் தளர்கின்றன.

பிளாஸ்மா மாற்றம் எவ்வாறு உதவுகிறது?

நோயாளியின் பிளாஸ்மாவில் ஒரு பகுதியை அகற்றி, கொடையாளரின் பிளாஸ்மா செலுத்தப்படுகிறது. மிகுந்த புரதமும் அழற்சிப் பொருள்களும் வெளியேறுகின்றன. குறைந்த நொதி கிடைக்கிறது. வேலூரில் குறைந்த அளவு பிளாஸ்மாவைக் கொண்டே இம்முறை கையாளப்படுகிறது. பிளாஸ்மா கிடைப்பதும் செலவும் பெருஞ்சுமையாகும் குடும்பங்களுக்கு இது முக்கியமானது. ஆயினும் இது அனைவருக்கும் பயன் தரும் என உறுதி கூற இயலாது. சிலருக்குக் கல்லீரல் மாற்று அறுவை சிகிச்சை தேவைப்படலாம்.

நீங்கள் செய்ய வேண்டியவை

• நஞ்சு உட்சென்றதாக ஐயம் எழுந்தாலே 108-ஐ அழையுங்கள். வாந்தி எடுக்கச் செய்யாதீர்கள்.

• முதல் ஓரிரு நாள் நோயாளி நலமாகத் தோன்றலாம். கல்லீரல் பாதிப்பு பின்னரே வெளிப்படும். எனவே மருத்துவர் கூறும் முன் வீடு திரும்பாதீர்கள்.

• நஞ்சின் உறையை மருத்துவரிடம் காட்டுங்கள்.

• இதற்கெனத் தனி முறிமருந்து இல்லை. நாட்டு மருந்து தேடிக் காலம் கடத்தாதீர்கள்.

• மனவேதனையில் உள்ளவரைப் பழிக்காமல் உடனிருங்கள். உங்களுக்கோ உங்களைச் சார்ந்தோருக்கோ உதவி தேவையெனில் டெலி-மானஸ் 14416 அல்லது 104-ஐ எந்நேரமும் அழைக்கலாம்.