20 வருஷம் ஒரே நாற்காலி... ராபர்ட் மார்செல்லஸின் கிளாரினெட்!

பழைய சிம்பொனி இசைத்தட்டு எதையாவது எடுத்துப் பாருங்கள். அட்டையில் இசையமைத்தவர் பெயர் இருக்கும். கண்டக்டர் பெயர் இன்னும் பெரிதாக இருக்கும். ஊதியவர் பெயர்? பெரும்பாலும் இருக்காது. 80, 90 பேரில் அவரும் ஒருவர், அவ்வளவுதான். அப்படிப் பெயரே தெரியாமல் 20 வருஷம் ஒரே நாற்காலியில் உட்கார்ந்து வாசித்தவர் அமெரிக்காவின் ராபர்ட் மார்செல்லஸ். ஆனால், கிளாரினெட் படிக்கும் பிள்ளைகள் இன்றைக்கும் அவருடைய பழைய பதிவுகளைத் தேடித் தேடிக் கேட்கிறார்கள்.

கிளாரினெட் நமக்குப் புதிதல்ல. ஏ.கே.சி. நடராஜன் அதில் கர்நாடக சங்கீதம் வாசித்து, 2022-ல் பத்மஸ்ரீ வரை வாங்கினார். அந்த மேடையில் கிளாரினெட்தான் ராஜா. மேற்கத்திய ஆர்கெஸ்ட்ராவில் கதையே வேறு. முன்னால் வயலின் கூட்டம், பின்னால் டிரம்பெட், டிரம்ஸ் என்று நட்டநடுவில் இடம். பல நிமிடங்கள் தாளத்தை எண்ணிக்கொண்டு சும்மா இருக்க வேண்டும். திடீரென்று மொத்தக் கூட்டமும் அடங்கும், ஒரே ஒரு கிளாரினெட் மட்டும் பாடும். அந்த அரை நிமிடத்தில் சொதப்பினால் திருத்த வழியில்லை.

மார்செல்லஸ் 1928-ல் பிறந்தவர். பாரிஸில் படித்து அமெரிக்காவில் குடியேறிய டேனியல் பொனாட் அவருடைய குரு. 1953-ல், 25 வயதில், கிளீவ்லாந்து ஆர்கெஸ்ட்ராவின் முதல் கிளாரினெட் ஆனார். அங்கே கண்டக்டர் ஜார்ஜ் செல். கண்டிப்பான வாத்தியார் என்றால் அப்படி ஒரு கண்டிப்பு. ஒத்திகையிலேயே கச்சேரித் தரம் வேண்டும் என்பார். அவரிடம் பிழைப்பதே பெரிய விஷயம்.

அந்த செல்லோடு சேர்ந்து, 1961-ல் மோட்சார்ட்டின் கிளாரினெட் கான்செர்ட்டோவைப் பதிவு செய்தார் மார்செல்லஸ். நடுவில் உட்கார்ந்தே பழகியவர், முன்வரிசைக்கு வந்த நாள். மோட்சார்ட் 1791-ல், தான் இறப்பதற்குச் சில வாரங்கள் முன்பு, ஆன்டன் ஸ்டாட்லர் என்ற நண்பருக்காக எழுதிய படைப்பு இது. இதன் இரண்டாவது பகுதியான ‘அடாஜியோ’வை மட்டும் ஹெட்போனில் கேளுங்கள். ஏழெட்டு நிமிடம்தான்.

என்ன கவனிப்பது? முதலில், ஸ்வரம் எங்கே ஆரம்பிக்கிறது என்று பாருங்கள். கண்டுபிடிக்க முடியாது! நாகஸ்வரத்தின் சீவாளியில் இரண்டு பட்டை. கிளாரினெட்டின் ரீடோ ஒற்றை நாணல் பட்டை. நிசப்தத்திலிருந்து நூல் பிரிப்பதுபோல ஒலியை எடுக்க அது இடம்கொடுக்கும். ஆனால் ஊதுபவருக்கு மூச்சு கட்டுப்பட வேண்டும்.

அடுத்தது, ஸ்வரம் விட்டு ஸ்வரம் போகும் இடம். கிளாரினெட்டின் கீழ்ஸ்தாயி இருட்டாக, கனமாக இருக்கும். மேலே போனால் பளிச்சென்று வெளிச்சம். நடுவில் சில ஸ்வரங்கள் கொஞ்சம் சோகை. அந்த எல்லையைத் தாண்டும்போது, கிட்டத்தட்ட எல்லாத் துளையும் திறந்திருக்கும் நிலையிலிருந்து, அத்தனை விரலும் ஒரே நொடியில் மூட வேண்டும். சுமாரான வாசிப்பில் அங்கே ஒரு ‘டக்’ கேட்கும். மெதுவான பாட்டில் விரலையும் மெதுவாக இறக்கு என்பது பொனாட்டின் பாடம். சிஷ்யர் வாசிப்பில் கீழே, நடுவே, மேலே என்று மூன்று குரல் கிடையாது. ஒரே குரல்தான். அதிர்வும் இல்லை, குழைவும் இல்லை. கோடு போட்டதுபோல நேராக வரும். அந்த நேர்கோட்டில் எப்படித்தான் அவ்வளவு துக்கம் ஏறியதோ!

ஒப்பிட்டுப் பார்க்க ஆசையா? 1985-ல் வந்த ‘அவுட் ஆஃப் ஆஃப்ரிக்கா’ படத்தில் இதே அடாஜியோ வரும். அங்கே ஊதியவர் பிரிட்டனின் ஜாக் பிரைமர். பள்ளிக்கூட வாத்தியாராக இருந்து, 1947-ல் லண்டனின் ராயல் ஃபில்ஹார்மோனிக்குக்குள் வந்தவர். அவருடைய ஒலி இன்னும் கதகதப்பாக, மனிதர் பேசுவதுபோல இருக்கும். எது உசத்தி என்று சண்டை போடலாம். ஆனால், கண்ணை மூடிக் கேட்டாலே இது அமெரிக்கா, இது இங்கிலாந்து என்று அன்றைக்குச் சொல்ல முடிந்தது. இன்று எல்லோரும் எல்லோருடைய பதிவையும் கேட்டு வளர்வதால், அந்த ஊர்வாசனை குறைந்துகொண்டே வருகிறது. பழைய பதிவுகளைத் தேட அதுவே போதுமான காரணம்.

பதிவே இல்லாமல் போனவர்களும் உண்டு. 1890-ல் ‘இனி எழுதியது போதும்’ என்று ஓய்வுக்குத் தயாரானார் ஜெர்மன் இசைமேதை பிராம்ஸ். மறு வருஷம் மைனிங்கன் ஆர்கெஸ்ட்ராவில் ரிச்சர்ட் மூல்ஃபெல்ட் கிளாரினெட் ஊதியதைக் கேட்டு, பேனாவை மறுபடி எடுத்துவிட்டார். இரண்டு சொனாட்டா, ஒரு ட்ரையோ, ஒரு க்விண்டெட் எழுதினார். மூல்ஃபெல்ட் 1907-ல் காலமானார். அவர் வாசிப்பு ஒரு விநாடிகூடப் பதிவாகவில்லை.

‘கூட்டத்தோடு சேர்வது’ என்ற தகுதிக்கு இன்னொரு முகமும் இருக்கிறது. 1982-ல் பெர்லின் ஃபில்ஹார்மோனிக்குக்கு சபீன் மேயர் என்ற இளம் கிளாரினெட் கலைஞரைக் கொண்டுவந்தார் கண்டக்டர் காராயன். பெண்களே இல்லாத அந்த ஆர்கெஸ்ட்ரா, அந்த வருஷம்தான் முதல் பெண்ணைச் சேர்த்திருந்தது. உறுப்பினர்கள் ஓட்டுப் போட்டார்கள். எதிராக 73, ஆதரவாக 4. ‘அவர் ஒலி எங்களோடு கலக்கவில்லை’ என்றது ஆர்கெஸ்ட்ரா. பெண் என்பதுதான் காரணம் என்று காராயன் உட்படப் பலர் நினைத்தார்கள். மேயர் வெளியேறி, உலகம் சுற்றும் தனிக்கலைஞர் ஆனார். அவருடைய பதிவுகளும் கிடைக்கின்றன. கலக்கிறதா இல்லையா என்று நீங்களே கேட்டு முடிவுசெய்யலாம்.

மார்செல்லஸை நாற்காலியிலிருந்து எழுப்பியது சர்க்கரை நோய். 1973-ல், 45 வயதில், ஆர்கெஸ்ட்ராவை விட்டார். பிறகு நார்த்வெஸ்டர்ன் பல்கலைக்கழகத்தில் ஆசிரியர். போகப்போகப் பார்வையும் போனது. மாணவரின் விரல் தெரியாது, உதடு தெரியாது. காதை மட்டும் வைத்துக்கொண்டு சொல்லிக்கொடுத்தார். 1996-ல் மறைந்தார். கிளீவ்லாந்தில் செல் பதிவு செய்த பீத்தோவனின் ஆறாவது சிம்பொனியில், இரண்டாம் பகுதியின் முடிவில் ஒரு குயில் கூவும். அது கிளாரினெட்தான். அந்த இரண்டு ஸ்வரத்தைக்கூட அலட்சியமாகத் தாண்டாதவர் அவர்.

பதிவு ஒரு பக்கம் என்றால், நேரில் கேட்பது முற்றிலும் வேறு அனுபவம். மும்பை என்.சி.பி.ஏ.வில் 2006-ல் தொடங்கிய சிம்பொனி ஆர்கெஸ்ட்ரா ஆஃப் இந்தியா இருக்கிறது. வெளிநாட்டில் இருப்பவர்களுக்கு ஊருக்கு ஊர் கச்சேரி. மேடையில் கிளாரினெட்காரரையே பார்த்துக்கொண்டிருங்கள். தன் முறை வருவதற்கு முன் ரீடை வாயில் வைத்து ஈரப்படுத்துவார். குளிர்ந்தால் சுருதி இறங்கும் என்பதால் குழலுக்குள் சத்தமில்லாமல் மூச்சு விடுவார். துளையில் தண்ணீர் கோத்துக்கொண்டால், சிகரெட் சுற்றும் மெல்லிய காகிதத்தை மூடிக்கு அடியில் செருகி ஒற்றி எடுப்பார். இதெல்லாம் எந்த இசைத்தட்டிலும் கிடைக்காது.

சிபேலியஸின் முதல் சிம்பொனி நிகழ்ச்சி நிரலில் இருந்தால் தாமதமாகப் போய்விடாதீர்கள். அது தொடங்குவதே கிளாரினெட்டில்தான். பின்னால் டிம்பனி மட்டும் மெதுவாக உறுமும். சற்று நேரத்தில் அதுவும் நின்றுவிடும். ஆயிரக்கணக்கானோர் இருக்கும் அரங்கில் ஒற்றை மனிதரின் மூச்சு மட்டும் மிச்சம். இருமல் வருவதாக இருந்தால், கண்டக்டர் கை தூக்குவதற்கு முன்பே இருமி முடித்துவிடுங்கள்!