முதல் வாரத்திலேயே தொடங்கும் விலக்கம்

1917-இல், கொலம்பியாவிலும் லண்டனிலும் பயின்று திரும்பிய அண்ணல் அம்பேத்கர், பரோடா சமஸ்தானத்தின் கணக்காயர் அலுவலகத்தில் பயிற்சி நிலையில் பணியமர்ந்தார். அந்நகரில் தங்க இடமின்றி, அடையாளத்தை மறைத்துப் பார்சி விடுதியொன்றில் தங்கினார். பதினோராம் நாள், கழிகளோடு வந்தவர்கள் அவரை வெளியேற்றினர். அவர் பம்பாய் திரும்ப நேர்ந்தது. குறை அவரது தகுதியில் இல்லை. ஏற்க மறுத்த இடத்தில் இருந்தது.

ஐ.டி.ஐ. முடித்துத் தொழிற்கூடத்தில் நுழையும் தலித் இளைஞரின் முதல் வாரத்தை இந்த வரலாற்றோடு சேர்த்தே நாம் பார்க்க வேண்டும். தொழில் பழகுநர் சட்டம், 1961, தனது 3ஏ பிரிவில் பட்டியல் சாதியினருக்கும் பழங்குடியினருக்கும் பயிற்சி இடங்களை ஒதுக்குமாறு கூறுகிறது. ஆனால் இடம் கிடைப்பது வேறு, தொழில் கிடைப்பது வேறு.

லேத்தில் வெட்டின் ஆழத்தை எவ்வளவு வைப்பது, வெல்டிங் கம்பியை எந்தச் சாய்வில் பிடிப்பது என்பவை பாடநூலில் முழுமையாக இல்லை. மூத்த தொழிலாளியின் கையில் இருக்கின்றன. அவர் அருகில் நிறுத்திச் சொல்லித் தந்தால்தான் அவை கைமாறும். "எந்த ஊர்? ஊரில் எந்தப் பக்கம்?" என்ற கேள்விகள் அந்த அருகாமையைத் தீர்மானிக்கின்றன. பதில் தெரிந்தபின் ஒருவருக்கு இயந்திரமும் மற்றவருக்குத் துடைப்பமும் தரப்பட்டால், பயிற்சிக் காலம் முடிகையில் இருவரிடமும் சான்றிதழ் இருக்கும். ஒருவரிடம் மட்டுமே தொழில் இருக்கும். தொழிலறிவை மறுப்பது சாதியின் பழைய வேலை.

சட்டமும் பழகுநரைத் தனிமைப்படுத்துகிறது. 18-ஆம் பிரிவின்படி அவர் பயிற்சியாளரே, தொழிலாளர் அல்லர். தொழிலாளர் சட்டங்கள் பொதுவாக அவருக்குப் பொருந்தா. ஒப்பந்தம் குறித்த பிணக்கை 20-ஆம் பிரிவின்கீழ் பழகுநர் ஆலோசகரிடம் கொண்டுசெல்லலாம். முப்பது நாளுக்குள் மேல்முறையீடும் செய்யலாம். சாதிப்பெயர் சொல்லி இழிவுபடுத்துவது வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின்கீழ் குற்றம். ஆனால் அது பொதுப்பார்வையில் நிகழ்ந்திருக்க வேண்டும் என்பதை 2020-இல் ஹிதேஷ் வர்மா வழக்கில் உச்ச நீதிமன்றம் வலியுறுத்தியது. எனவே உடனிருந்தவர் வாய்திறப்பாரா என்பதே வழக்கின் உயிராகிறது. முதல் வாரத்தில் தோழமை கிடைக்காத இளைஞருக்குச் சாட்சியும் கிடைப்பதில்லை.

ஆகவே புதியவரை வரவேற்பதை நல்லெண்ணத்தின் கையில் விட்டுவிட முடியாது. அது முறைப்படுத்தப்பட வேண்டும். ஒவ்வொரு பழகுநரும் வாரந்தோறும் எந்த இயந்திரத்தில் எத்தனை மணி நேரம் பயின்றார் என்பது பதிவாகி, அவர் கையொப்பமும் பெற வேண்டும். கூடத்தைத் துப்புரவு செய்வது சுழற்சி முறையில் அனைவருக்கும் வர வேண்டும். மதிப்பெண் இடும் மேற்பார்வையாளர் அல்லாத ஒருவர் வழிகாட்டியாக இருக்க வேண்டும். உறுப்பினரல்லர் என்று கூறித் தொழிற்சங்கங்கள் ஒதுங்கக் கூடாது.

மாணவத் தோழர்களும் அமைப்புகளும் செய்யக்கூடியது உண்டு. தம் பகுதியிலிருந்து பயிற்சிக்குச் செல்வோரின் ஒப்பந்த நகலைப் படித்து விளக்குவோம். அங்கே முன்பு பயின்றவரோடு அவரை அறிமுகப்படுத்துவோம். முதல் மாதம் வாரம் ஒருமுறை, "இன்று எந்த வேலை தந்தார்கள்?" என்று கேட்போம். அந்தப் பதில்களைக் குறித்து வைப்போம்; விலக்கம் நிகழ்ந்தால் அதுவே முதல் சான்று.