மலையை ஆள்வோர்க்கு மண் எங்கே?

கல்வராயன் மலைவாழ் மக்களுக்கு மலையாளிகள் என்று பெயர், தோழர்களே! கேரளத்தை எண்ணிவிடாதீர், மலையை ஆள்வோர் என்று பொருள் கூறுவர். ஆள்வோராம்! ஆண்டவர் யார்? சடையக் கவுண்டர், குறும்பக் கவுண்டர், ஆரியக் கவுண்டர் என மூன்று ஜாகிர்தார்கள். மக்கள் செய்ததோ கூலியில்லா ஊழியம்.

1947-இல் கோட்டையில் கொடி ஏறிற்று. ஜாகிர் ஒழிந்து மலை அரசின் கைக்கு வந்ததோ 1976-இல்! நெருக்கடி நிலையின் ஆண்டு அது. நாடெங்கும் உரிமை சிறைப்பட்டபோது மலையில் ஜாகிர் விலங்கு அறுந்தது. வரலாறும் நையாண்டி நாடகம் எழுதும் போலும்!

ஜாகிர்தார் போனார், வனத்துறை வந்தது. உழுதவன் ஆக்கிரமிப்பாளன் ஆனான். அந்த அநீதியைத் துடைக்க 2006-இல் வன உரிமைச் சட்டம் பிறந்தது. தமிழகத்திலோ நீதிமன்ற இடைக்கால ஆணையால் 2016 வரை பட்டா வழங்கல் முடங்கிற்று.

2024 ஜூனில் கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் நச்சுச் சாராயம் அறுபதுக்கும் மேற்பட்டோரைக் கொன்றது. அதன் பிறகே உயர்நீதிமன்றம் தானே முன்வந்து மலைமக்களின் நிலையை விசாரித்தது. கீழே பிணம் விழுந்தால்தான் மேலே பார்வை திரும்புமோ?

சட்டம் கேட்பது என்ன? 2005 டிசம்பர் 13-க்கு முன்பிருந்தே உழுதுவரும் பழங்குடியினருக்கு, நான்கு ஹெக்டேர் வரை உரிமை. உரிமை கோரும் மனு கிராமசபையில் தொடங்கும். கட்டிய வரப்பும் சான்று. ஊர் முதியவரின் வாய்மொழியை எழுதிவைத்தால் அதுவும் சான்று!

மேடையும் மாலையும் ஒருநாள் காத்திருக்கட்டும். தாளும் பேனாவும் எடுத்துக்கொண்டு வெள்ளிமலைக்கு ஏறுங்கள். கிழவர் காட்டும் வரப்பை, அவர் சொல்லும் சொல்லிலேயே எழுதிக்கொள்ளுங்கள், அவர் இருக்கும்போதே.