நிலாவுக்கு வழி காட்டிய ஊரில் ரெயிலுக்குக் காசு இல்லையா?

கிணத்துக்கடவுக்குப் பக்கத்தில் கோதவாடி என்று ஒரு கிராமம். பெரிய குளம் உள்ள ஊர். அங்கே 1958-ம் ஆண்டு, ஒரு பள்ளிக்கூட வாத்தியார் வீட்டில் ஓர் ஆண் குழந்தை பிறந்தது. பையன் உள்ளூரில் படித்தான். பிறகு பொள்ளாச்சியிலும் கோவையிலும் படித்தான். 1982-ல் இஸ்ரோவில் வேலைக்குச் சேர்ந்தான்.

2008-ம் ஆண்டு அக்டோபர் 22-ந் தேதி, இந்தியா முதன்முதலாக நிலாவுக்கு "சந்திரயான்" விண்கலத்தை அனுப்பியது. அதன் திட்ட இயக்குனர் யார்? அந்தக் கோதவாடிப் பையன்தான். அவர் பெயர் மயில்சாமி அண்ணாதுரை.

இதைச் சொல்லும்போது நாம் மீசையை முறுக்கிக் கொள்கிறோம். நல்லது. ஆனால், அடுத்த அண்ணாதுரை எங்கே இருக்கிறான்? கோடை விடுமுறையில் தக்காளிக் காட்டில் கூடை சுமந்து கொண்டிருக்கிறானா?

கோடைப் பள்ளி

இஸ்ரோ நிறுவனம் 2019-ல் "யுவிகா" என்ற கோடைப் பள்ளியைத் தொடங்கியது. கொரோனாவால் இடையில் நின்றது. இப்போது மீண்டும் நடக்கிறது. 9-ம் வகுப்பு மாணவ-மாணவிகளுக்கு உரியது. இரண்டு வாரம் நடக்கும். ராக்கெட் எப்படிப் பறக்கிறது, செயற்கைக்கோள் என்ன செய்கிறது என்று விஞ்ஞானிகளே சொல்லித் தருவார்கள்.

8-ம் வகுப்பு மார்க்கைப் பார்ப்பார்கள். வினாடி-வினா வைப்பார்கள். விளையாட்டு, சாரணர் படை, விஞ்ஞானக் கண்காட்சி இவற்றுக்கும் மார்க் உண்டு. பஞ்சாயத்துப் பகுதிப் பள்ளியில் படித்தால் அதற்குத் தனி மார்க்! கிராமத்துப் பிள்ளைகளைக் கைநீட்டிக் கூப்பிடுகிறார்கள்.

சாப்பாடும் தங்குமிடமும் இலவசம். பிள்ளைக்கு மட்டுமல்ல, கொண்டுபோய் விட்டுக் கூட்டிவரும் தாய்க்கோ தகப்பனுக்கோகூட ரெயில் கட்டணம் உண்டு. அப்புறம் என்ன கஷ்டம்?

முதலில் யார் போடுவது?

கஷ்டம் இங்கேதான். டிக்கெட்டை முதலில் நாம் வாங்க வேண்டும். அசல் டிக்கெட்டைக் காட்டினால் பிறகு பணம் திரும்பக் கிடைக்கும். திருவனந்தபுரமோ, ஆமதாபாத்தோ, எந்த ஊர் என்றாலும் முதல் செலவு நம் கையிலிருந்துதான்.

கூலி வேலைக்குப் போகிற ஒரு வீட்டை நினைத்துப் பாருங்கள்.

"ஏனுங்க, புள்ளை பேரு வந்திருக்குதாம். டிக்கெட்டுக்குப் பணம் வேணுமுங்க."

"தக்காளி என்ன வெலை போகுதுன்னு தெரியுமல்ல? இப்பப் பணத்துக்கு எங்க போறது?"

பேச்சு அதோடு முடிந்துவிடும். ஒரு பெட்டி, இரண்டு சட்டை, ஒரு ஜோடி செருப்பு வாங்க வேண்டும். கூடப் போகிற தகப்பனுக்கு நாலு நாள் கூலி போகும். ஆனையை வாங்கிவிட்டு அங்குசத்துக்கு அழுத கதைதான் இது. பெரிய செலவை இஸ்ரோ ஏற்கிறது. சின்னச் செலவில் வாய்ப்பு போய்விடுகிறது.

சர்க்காரே டிக்கெட் எடுத்துத் தரலாமே என்று கேட்கலாம். நியாயம்தான். தர வேண்டும் என்று நாமும் கேட்போம். ஆனால், அதுவரை பிள்ளையின் வயது நிற்காது. 9-ம் வகுப்பு ஒரு முறைதான் வரும்.

ஊர்ப் பணம்

நமக்கு ஊர்ப் பணம் புதிதல்ல. நோம்பி வந்தால் வரி போடுகிறோம். கல்யாணத்துக்கு மொய் எழுதுகிறோம். அதே வழக்கத்தைப் படிப்புக்கும் கொண்டு வந்தால் என்ன?

நூறு வீடு, வீட்டுக்கு நூறு ரூபாய் என்று வைத்துக் கொள்வோம். பத்தாயிரம் ரூபாய் சேரும். பள்ளி மேலாண்மைக் குழுவின் பொறுப்பில் அதை வங்கியில் போடலாம். கணக்கைப் பள்ளிக்கூடப் பலகையில் எழுதி வைக்க வேண்டும். பிள்ளைக்கு டிக்கெட் வாங்க அந்தப் பணத்தைக் கொடுப்போம். இஸ்ரோ திருப்பித் தந்ததும் அது கணக்குக்கு வந்துவிடும். அடுத்த ஆண்டு அடுத்த பிள்ளைக்கு! இது தானமல்ல, கைமாற்று. வாங்குகிறவர் தலை குனிய வேண்டியதில்லை.

சட்டை, செருப்பை மட்டும் முடிந்தவர்கள் மொய்யாகத் தரலாம். யார் பெயரும் வரவில்லையா? பணம் அப்படியே இருக்கட்டும். கல்லூரிப் பிள்ளைகளுக்கும் உதவும். ராமன் 1934-ல் பெங்களூரில் தொடங்கிய விஞ்ஞானக் கழகம், வேறு இரண்டு கழகங்களோடு சேர்ந்து, கல்லூரி மாணவர்களுக்குக் கோடைகால ஆராய்ச்சிப் பயிற்சி தருகிறது. அதற்கு உதவித்தொகையும் உண்டு. அங்கே போகிறவர்களுக்கும் முதல் டிக்கெட் வேண்டுமே!

தாய்மார்களுக்கு ஒரு வார்த்தை

"பெண் பிள்ளையை எப்படி அனுப்புவது?" என்று தயங்காதீர்கள். சூரியனை ஆராயும் "ஆதித்யா" விண்கலம் 2023 செப்டம்பர் 2-ந் தேதி கிளம்பியது. அதன் திட்ட இயக்குனர் செங்கோட்டையில் பிறந்த நிகர் ஷாஜி. அவரும் ஒரு வீட்டுப் பெண்தான்.

ஆண்டுத் தொடக்கத்திலேயே பள்ளிக்கூடத்துக்குப் போய்க் கேளுங்கள்: "யுவிகாவுக்கு மனுப் போட்டாச்சா?" இந்த ஒரு கேள்விக்குக் காசு வேண்டாம்.

கோதவாடிக்காரர் நிலா வரைக்கும் வழி காட்டிவிட்டார். கிணத்துக்கடவு ரெயில் நிலையம் வரைக்குமாவது நம் பிள்ளைகளை நாம் கொண்டுபோய் விட வேண்டாமா?